ஜோதியும் சந்திரமுகியும்: உருளைக்கிழங்கு வந்த கதையும் விலை படும் பாடும்

கொல்கத்தாவில் குடித்தனம் நடத்தும் நம் சங்க அன்பர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. லேக் மார்க்கெட் ஆனாலும் சரி, கரியாஹாட் ஆனாலும் சரி, உருளைக்கிழங்குக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஜோதியா, சந்திரமுகியா?" என்பதுதான். ஊரிலிருந்து புதிதாக வரும் உறவினர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ரஜினி படம் வெளிவந்த 2005-ல் இங்கே வந்திருந்த என் மைத்துனர், "என்ன அத்தான், இந்த ஊர்ல கிழங்குக்குக்கூட சந்திரமுகின்னு பேர் வச்சுட்டாங்களா?" என்று கேட்டார். "படத்துக்கு முப்பத்தேழு வருஷம் முன்னாடியே வச்ச பேரு மாப்பிள்ளை இது" என்றேன். அவர் நம்பவில்லை.

உண்மை அதுதான். குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி என்பவை முழுப்பெயர்கள். சிம்லாவுக்கு அருகில் உள்ள குஃப்ரி என்ற மலையூரின் பெயரைத் தாங்கி, மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-ல் வெளியிட்ட ரகங்கள் இவை. பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் கிழங்குக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் நீலகிரிக்கும், நம்மவர் சிலருக்கும் முக்கியமான இடம் உண்டு.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கிலோ நாற்பது ரூபாய் ஆகும்போது நாம் எல்லோரும் பேசுகிறோம். பத்து ரூபாய்க்கு இறங்கும்போது இரண்டு கிலோ சேர்த்து வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். விலை ஏறினால் யாருக்குக் கஷ்டம் என்று நமக்குத் தெரியும். இறங்கினால் யாருக்கு? வங்கி வேலையில் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு நான் பார்த்த பதிலைச் சொல்ல வேண்டும் என்பது பல நாள் எண்ணம்.

பெயரிலேயே இருக்கும் வரலாறு

கிழங்கு நமக்குப் புதிதல்ல. பாரியின் பறம்பு மலை உழவர் உழாமலே தரும் நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்றில் பட்டியலிடுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கும் அதில் உண்டு. சேனை, கருணை, சேம்பு எல்லாம் நம் அடுக்களையில் நெடுங்காலமாகப் புழங்குபவை. ஆனால் உருளைக்கிழங்கு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றி வாழ்ந்த மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பானியர் மூலம் அது ஐரோப்பாவுக்கு வந்தது. அங்கிருந்து கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது.

வந்த வழியைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. மராட்டியில் 'படாடா', அது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். இந்தியிலும் வங்காளியிலும் 'ஆலு'. பழைய வடமொழியில் வேறு கிழங்குகளுக்கு வழங்கிய பெயரைப் புதியவனுக்குச் சூட்டிவிட்டார்கள். தெலுங்கில் 'பங்காளா தும்பா', அதாவது வங்காளக் கிழங்கு. அவர்களுக்கு அது வங்காளத்தின் வழியாகப் போயிருக்கிறது போலும். நாம் மட்டும் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காமல், உருண்டையாக இருக்கிறது, உருளைக்கிழங்கு என்று சொல்லிவிட்டோம்.

ஆசப் கான் சர் தாமஸ் ரோவுக்கு அளித்த விருந்தைப் பற்றி எட்வர்ட் டெர்ரி எழுதிய குறிப்பில் உருளைக்கிழங்கு இடம்பெறுகிறது என்பார்கள். அது சர்க்கரைவள்ளிக் கிழங்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தக் காலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தார்கள்.

நம் வீடுகளிலும் இந்தப் புதியவன் எளிதில் நுழைந்துவிடவில்லை. இன்றைக்கும் பல வீடுகளில் திதிச் சமையலில் உருளைக்கிழங்கு கிடையாது. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸோடு சேர்த்து 'இங்கிலீஷ் காய்' என்று ஒதுக்கிவிடுவார்கள். பித்ருக்களுக்குத் தெரியாத காய் என்பது என் பாட்டியின் விளக்கம். அதே பாட்டி, மறுநாள் உருளை ரோஸ்ட் இல்லாமல் சாப்பிட மாட்டார்.

நீலகிரியில் இறங்கிய விதை

தமிழ்நாட்டுக் கதை உதகையில் தொடங்குகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மலைக்குப் போனார். சில ஆண்டுகளில் உதகையில் கல் பங்களா கட்டிக் குடியேறிய அவர், ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிட்டுப் பார்த்தார். அவற்றில் உருளைக்கிழங்கும் ஒன்று. குளிர்ந்த மலைக்காற்றும் மண்ணும் அதற்குப் பிடித்துப்போயின. சாமை, ராகி விதைத்துக்கொண்டிருந்த படுகர் சமூகத்து விவசாயிகள் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார்கள். காலப்போக்கில் அது மலையின் பணப்பயிர் ஆயிற்று.

பயிர் மலையில், சந்தை அடிவாரத்தில். நீலகிரிக் கிழங்கு முழுவதும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கிவந்தது. முன்பணம் கொடுத்தவர் சொன்னதே விலை என்ற நிலை. அதை மாற்றுவதற்காக 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவாகி, மேட்டுப்பாளையத்தில் கிழங்கை ஏலம் விடத் தொடங்கியது. உருளைக்கிழங்கு விவசாயிக்கு விலை ஒரு பிரச்சினை என்பதும், அதற்குக் கூட்டுறவு ஒரு வழி என்பதும் நம்மவர்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்ட விஷயம்.

விலை மட்டுமா பகை? உலகையே உலுக்கிய பின்பருவக் கருகல் நோய் இந்தியாவில் முதலில் பதிவானதும் நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். அயர்லாந்தில் 1845 முதல் சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மடிவதற்கும், அதற்குக் குறையாத தொகையினர் ஊரைவிட்டுக் கப்பலேறுவதற்கும் காரணமான அதே நோய். நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தான். ஆனால் கையில் வேலை உத்தரவோடு வந்தவர்கள். ஒரு பயிர் கருகியதால் குடிபெயர்ந்தவர்களின் நிலை வேறு.

அடுத்து 1961-ல் நீலகிரி மண்ணில் தங்க நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வேரைத் தாக்கும் இந்தப் புழுவின் முட்டைகள் கூட்டுக்குள் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். நிலத்தை விட்டுப் போகாது. இதனால் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் நீலகிரிக்காகவே 1985-ல் வெளியானது. ஆனாலும் பல விவசாயிகள் தேயிலைக்கும் கேரட்டுக்கும் மாறிவிட்டார்கள். இன்று மேட்டுப்பாளையம் மண்டிகளில் நீலகிரிக் கிழங்கோடு கர்நாடகக் கிழங்கும், குஜராத் கிழங்கும், உத்தரப் பிரதேசக் கிழங்கும் வந்து இறங்குகின்றன.

மலையிலிருந்து சமவெளிக்கு

வங்காளத்தில் உருளைக்கிழங்கைப் பரப்பியதில் வில்லியம் கேரிக்குப் பங்கு உண்டு. அவர் 1820-ல் கல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் நல்ல கிழங்கு விளைவித்தவர்களுக்குப் பரிசு கொடுத்து ஊக்குவித்தது. 1856-ல் அரசிழந்து மெட்டியாபுரூஸுக்கு வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையல்காரர்கள்தான் பிரியாணியில் உருளைக்கிழங்கைச் சேர்த்தார்கள் என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்வது. கையில் காசில்லாததால் கறியைக் குறைத்துக் கிழங்கைப் போட்டார்கள் என்பார் சிலர். அப்போது கிழங்கே புதுமையான, விலை கூடிய பண்டம், அதனால்தான் போட்டார்கள் என்பார் வேறு சிலர். எது எப்படியோ, கிழங்கு இல்லாத பிரியாணியைக் கல்கத்தாக்காரர் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் சமவெளியில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு கோடைப்பயிர். பகல் நீண்டது, ஐந்தாறு மாதம் நிலத்தில் இருக்கும். கங்கைச் சமவெளியிலோ அது குளிர்காலப் பயிர். பகல் குறுகியது, மூன்று மூன்றரை மாதம்தான் கிடைக்கும். அறுவடை முடிந்ததும் அங்கே குளிர் வரும், இங்கே கொளுத்தும் கோடை வரும். அங்கிருந்து கொண்டுவந்த ரகங்கள் இங்கே எப்படித் தாக்குப்பிடிக்கும்?

இதற்கு விடை காணத்தான் 1949 ஆகஸ்டில் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கான ஆரம்ப வேலைகளை 1946-லிருந்தே கவனித்து, முதல் இயக்குநராகவும் அமர்ந்தவர் டாக்டர் எஸ். ராமானுஜம். 1956-ல் நிறுவனம் சிம்லாவுக்கு மாறியது. பிறகு புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி ஒரு எளிய உண்மையைக் கண்டு சொன்னார். வைரஸ் நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. வட இந்தியச் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பூச்சி மிகக் குறைவு. அந்த இடைவெளியில் விதைக்கிழங்கை வளர்த்து, ஜனவரியில் பூச்சி பெருகுவதற்குள் செடியின் தழையை அறுத்துவிட்டால் போதும், நோயில்லாத விதை சமவெளியிலேயே கிடைக்கும். மலையிலிருந்து வரும் விதையை நம்பியிருந்த நிலை மாறியது. பஞ்சாபின் ஜலந்தர் பகுதி நாட்டின் விதைக்கிழங்குக் களஞ்சியம் ஆனதற்கு இதுவே அடிப்படை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனை நாம் நெல், கோதுமையோடு சேர்த்தே நினைக்கிறோம். அவர் இளமையில் ஆராய்ந்தது உருளைக்கிழங்கை. 1949-ல் நெதர்லாந்து சென்றவர் அங்கே தங்க நூற்புழுவைத் தாங்கும் கிழங்கை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். கேம்பிரிட்ஜில் 1952-ல் முனைவர் பட்டம் பெற்றதும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்கே. பின்னாளில் நம் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே புழுதான்.

பலன் என்ன? 1949-50-ல் நாடு முழுவதும் விளைந்தது சுமார் 15 லட்சம் டன். 2022-23-ல் அது சுமார் 6 கோடி டன். சீனாவுக்கு அடுத்தபடி உலகில் நாம்தான். விளைச்சலில் பெரும்பகுதி கங்கைச் சமவெளியில். உத்தரப் பிரதேசம் முதலிடம், மேற்கு வங்காளம் இரண்டாமிடம். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்படியானால் விவசாயி ஏன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

எட்டு மூட்டை போட்டு எண்பது மூட்டை

ஹூக்ளி, பர்தமான் பக்கம் நவம்பரில் ரயிலில் போனால் பார்க்கலாம். ஆமன் நெல் அறுத்த கையோடு நிலத்தை உழுது, பொலபொலவென்று ஆக்கி, உருளைக்கிழங்கு நடத் தொடங்கிவிடுவார்கள். தாமோதர் வண்டல், கால்வாய்த் தண்ணீர், குளிர்ந்த இரவு மூன்றும் சேர்ந்த நல்ல பூமி. மண்ணுக்கடியில் கிழங்கு பிடிக்க 17 முதல் 20 டிகிரி வெப்பம் உகந்தது. 30-ஐத் தாண்டினால் கிழங்கே வைக்காது. எனவே நாள் தவறினால் போச்சு. மழையால் நெல் அறுவடை பத்து நாள் தள்ளிப்போனால் கிழங்கு நடவும் தள்ளிப்போகும். பிப்ரவரி வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

விதைச் செலவுதான் மலை போன்றது. நெல்லுக்கு ஒரு ஏக்கருக்கு இருபது முப்பது கிலோ விதை போதும். உருளைக்கிழங்குக்கு ஒரு ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான ஒரு பிகாவுக்கு ஐம்பது கிலோ மூட்டையில் சுமார் எட்டு மூட்டை விதை. நல்ல வருஷத்தில் அதில் எண்பது மூட்டை கிழங்கு வரும். அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு விதையாகவே மண்ணுக்குள் போகிறது. விதை பஞ்சாபிலிருந்து லாரியில் வரும். மொத்தச் சாகுபடிச் செலவில் கிட்டத்தட்ட பாதி இதற்கே. அதற்குமேல் உரம், மருந்து, கூலி. பெரும்பாலும் விதையும் உரமும் கடையில் கடன். கிழங்கு வெட்டிய அன்றே அடைக்க வேண்டிய கடன்.

ஜனவரியில் நாலு நாள் மூடுபனியும் மேகமும் சேர்ந்தால் கருகல் நோய் வந்துவிடும். ஜோதி ரகம் வந்த புதிதில் இந்த நோயைத் தாங்கியது. காலப்போக்கில் அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது. சந்திரமுகிக்கு அந்தச் சக்தி தொடக்கத்திலிருந்தே இல்லை. ருசி அதிகம், சீக்கிரம் விளையும், ஆனால் நோஞ்சான். சந்தையில் அதன் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹிம்கரும் பாண்டும்

நெல்லை வீட்டில் குதிரில் கொட்டி வைக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டும் உருளைக்கிழங்கை மே மாதம் வரைகூட வீட்டில் வைக்க முடியாது. முளைவிடும், சுருங்கும், அழுகும். அதற்குத்தான் கோல்டு ஸ்டோரேஜ், வங்காளியில் 'ஹிம்கர்', பனிவீடு. இந்தியாவின் முதல் குளிர்பதனக் கிடங்கு 1892-ல் நம் கல்கத்தாவில்தான் அமைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிடங்குகள் பெருகின. 1964-ல் மத்திய அரசு ஒழுங்குமுறை ஆணை கொண்டுவந்தது. 1966-ல் மேற்கு வங்காளம் தனிச்சட்டமே இயற்றியது. 1997-ல் மத்திய அரசின் உரிமக் கட்டுப்பாடு நீங்கியது.

கிடங்கில் 2 முதல் 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். அந்தக் குளிரில் கிழங்கிலுள்ள மாவு கொஞ்சம் சர்க்கரையாக மாறும். அக்டோபரில் வாங்கும் கிழங்கு வறுக்கும்போது கருத்துப்போவதும், கறியில் லேசாகத் தித்திப்பதும் இதனால்தான். நம் வீட்டு அம்மாக்கள் இனிமேல் எண்ணெயைக் குறை சொல்ல வேண்டாம்.

கிழங்கை வைத்ததும் கிடங்குக்காரர் ஒரு ரசீது கொடுப்பார். அதற்கு 'பாண்டு' என்று பெயர். அந்தக் காகிதத்தைக் காட்டினால் கிழங்கு. அவசரத்துக்கு அந்தக் காகிதத்தையே விற்றுவிடலாம். அதனால் கிழங்கு உள்ளே உறங்க, பாண்டு மட்டும் நாலு கை மாறும். விவசாயி ஏப்ரலில் விற்ற பாண்டு, ஆகஸ்டில் இரண்டு மடங்கு ஆகலாம். அந்த லாபம் அவருக்கு வராது. பாதி விலையும் ஆகலாம். விற்காமல் வைத்திருந்தால் அந்த நஷ்டம் மட்டும் அவருக்கு வரும்.

எண்பதுகளின் பிற்பாதி. நான் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். நாலு பிகா நிலம் வைத்திருந்த விவசாயி ஒருவர் எங்களிடம் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்; நான் அவரை 'தாதா' என்பேன். (நம் ஊர் தாதா அல்ல, இங்கே தாதா என்றால் அண்ணன்.) அந்த வருஷம் அமோக விளைச்சல். கடைக்காரர் கடனுக்காக நூற்றிருபது மூட்டையை வயலிலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். மீதி இருநூறு மூட்டையையும் விற்றுவிடலாமா என்று என்னைக் கேட்டார். "இப்ப விலை ரொம்பக் கம்மி தாதா. ஹிம்கர்ல வையுங்க. பூஜை சமயத்துல ஏறும்" என்றேன். படித்தவன், பேங்க்காரன் சொல்கிறேன் என்று கேட்டார்.

எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஜூனில் ஏறவில்லை, ஆகஸ்டில் ஏறவில்லை. துர்கா பூஜையும் போயிற்று. நவம்பர் கடைசியில் கிடங்கைக் காலி செய்ய வேண்டும். அப்போது ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் பணத்தைவிடக் கிடங்கு வாடகையும் மூட்டைக்கூலியும் வண்டிச்செலவும் சேர்ந்து அதிகம். அவர் கிழங்கை எடுக்கவே போகவில்லை. மேலிடத்து உத்தரவுப்படி கடன் வசூல் நோட்டீஸில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு கிளைக்கு வந்தவர் கோபப்படவில்லை. "மேனேஜர் பாபு, கிழங்கு அழுகலை. விலைதான் அழுகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? ஒரு பிகாவை அடமானம் வைத்துக் கடனைக் கட்டினார்.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு பிகாவில் மட்டும் கிழங்கு போட்டு, மீதியில் கடுகு விதைத்தார். ஊரில் பலரும் அப்படியே. அந்த வருஷம் உருளைக்கிழங்கு விலை கிடுகிடுவென்று ஏறியது.

விலையின் ஊஞ்சல்

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு: சிலந்திவலைக் கோட்பாடு. 1934-ல் நிக்கோலஸ் கால்டார் இட்ட பெயர். விவசாயி இந்த வருஷம் எவ்வளவு நடுவது என்பதைப் போன வருஷ விலையைப் பார்த்து முடிவு செய்கிறார். விலை நன்றாக இருந்தது என்று எல்லோரும் நட்டால் விலை விழும். விழுந்தது என்று எல்லோரும் குறைத்தால் விலை ஏறும். ஏறுவது யாரிடம் கிழங்கு இல்லாதபோது. விழுவது எல்லோரிடமும் கிழங்கு இருக்கும்போது. படம் வரைந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரி சுற்றிச் சுற்றி வரும். வலையில் மாட்டுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சமீப வரலாற்றைப் பாருங்கள். 2014-ல் விலை ஏறியது. உருளைக்கிழங்கு ஏற்றுமதிக்கு மத்திய அரசு குறைந்தபட்ச விலை விதித்தது. ஜூலையில் வெங்காயத்தோடு உருளைக்கிழங்குக்கும் இருப்புக் கட்டுப்பாடு வந்தது. மேற்கு வங்காள அரசு வெளிமாநிலம் போகும் லாரிகளை எல்லையில் நிறுத்தியது. ஒடிசாவில் கிழங்குக்குத் தட்டுப்பாடு. மறு ஆண்டே, 2015-ல், இங்கே விளைச்சல் அபரிமிதம், விலை சரிந்தது. ஹூக்ளி, பர்தமான் பக்கமிருந்து விவசாயிகளின் தற்கொலைச் செய்திகள் வந்தன.

2017-ல் உத்தரப் பிரதேசத்தில் கிழங்கு மலையாகக் குவிந்தது. குவிண்டால் 487 ரூபாய்க்கு ஒரு லட்சம் டன் வாங்குவதாக மாநில அரசு அறிவித்தது. ஆனால் அங்கே விளைவதோ கோடி டன்னுக்கும் மேல். 2018 ஜனவரியில் லக்னோ சட்டசபை வாசலிலேயே கிழங்கைக் கொட்டினார்கள். ஆக்ரா பக்கத்து விவசாயி ஒருவர், 19 டன் கிழங்கு விற்றதில் செலவு போகத் தமக்கு மிஞ்சியது 490 ரூபாய்தான் என்று, அந்தப் பணத்தைப் பிரதமருக்கே அனுப்பி வைத்த செய்தியை 2019 தொடக்கத்தில் நாம் எல்லோரும் படித்தோம். 2020 இறுதியில் ஊஞ்சல் மறுபக்கம் போனது. கிலோ நாற்பதைத் தாண்ட, பூட்டானிலிருந்து உரிமம் இல்லாமலே இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள்.

2024-ல் மேற்கு வங்காளம் மறுபடி எல்லையில் லாரிகளை நிறுத்தியது. வியாபாரிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த அறுவடையின்போது, 2025-ல், குவிண்டால் 900 ரூபாய்க்குக் கொள்முதல் என்று அதே அரசு அறிவிக்க வேண்டி வந்தது. நம் நகரத்து விலை ஏறும்போது விவசாயியின் வாசலை அடைக்கிறோம். இறங்கியபின் கை கொடுக்கிறோம். அடைப்பது உடனே நடக்கிறது, கை கொடுப்பது தாமதமாக நடக்கிறது.

நாம் கொடுக்கும் காசு எங்கேதான் போகிறது? 2024 அக்டோபரில் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்று கணக்குச் சொல்கிறது. நாம் உருளைக்கிழங்குக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 37 பைசா. வெங்காயத்தில் 36, தக்காளியில் 33. மீதி எல்லாம் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். வாடகை, மின்சாரம், லாரி, கூலி, அழுகல், வட்டி எல்லாம் அதில் உண்டு. 'ஃபொரே' என்று இங்கே திட்டப்படும் இடைத்தரகரும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து லாரி ஏற்றுகிறவர்தான். ஆனால் இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தம் செலவைக் கழித்துக்கொண்டுதான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். கடைசியில் மிஞ்சியதை வாங்கிக்கொள்ள வேண்டியவர், முதலில் மண்ணில் பணத்தைப் போட்டவர். அதுதான் அநியாயம்.

வழி இருக்கிறதா?

நெல், கோதுமைக்கு இருப்பதுபோல் உருளைக்கிழங்குக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. அழுகும் பொருளை அரசு வாங்கி எங்கே வைக்கும் என்பது நியாயமான கேள்வி. ஹரியானா 2018-ல் வேறு வழியைப் பிடித்தது. கிழங்கை அரசு வாங்காது. ஆனால் சந்தை விலை நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் வித்தியாசத்தை விவசாயிக்குக் கொடுக்கும். அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவிக்கப்பட்டது. சிப்ஸ் கம்பெனிகளுக்காகத் தனி ரகம் பயிரிட்டு முன்கூட்டியே பேசிய விலைக்குக் கொடுப்போரும் உண்டு. அதில் விலை நிச்சயம். ஆனால் அளவு, தரம் என்று கழித்துக்கட்டப்படும் கிழங்கு விவசாயி தலையில்தான்.

என் சிற்றறிவுக்கு எட்டியது, மூன்று விஷயங்கள். விதைக்கும் முன்பே எந்த மாநிலத்தில் எவ்வளவு நடுகிறார்கள் என்ற தகவல் விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும். விளைச்சலோடு விலைக்கும் ஏதாவது ஒரு காப்பு வேண்டும். விலை ஏறிய மாதத்தில் எல்லையை மூடும் பழக்கத்தை விட வேண்டும். ஏனென்றால் ஏறிய அந்த ஒரு வருஷத்து லாபத்தில்தான் விழுந்த இரண்டு வருஷத்துக் கடனை அவர் அடைக்கிறார். மூன்றாவது நம்மைப் போன்ற நகரவாசிகளுக்குக் கசக்கும். விலை ஏறினால் முதலில் சத்தம் போடுவது நாம்தானே.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் கொல்கத்தாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகச் சந்தித்தோம். "இப்ப யாரு கிழங்கு போடறாங்க?" என்று கேட்டேன். "குத்தகைக்காரர் போடறார், மேனேஜர் பாபு. போன வருஷம் நல்ல விலை. அதனால இந்த வருஷம் நாலு பிகாவும் கிழங்குதான்" என்றார். எனக்குச் சொரேர் என்றது. நான் எதுவும் ஆலோசனை சொல்லவில்லை.

அடுத்த முறை லேக் மார்க்கெட்டில் "ஜோதியா, சந்திரமுகியா?" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தால் பேரம் பேசுங்கள், அது நம் உரிமை. ஆனால் விலை மிகவும் மலிந்து கிடக்கும் நாளில், பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, ஹூக்ளியில் யாரோ ஒருவர் கையில் பாண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.